கண்ணாடிக்காரர் கைவிட்ட பதினொரு கடைகள்

பதினொன்று. இனி வாழ்நாளில் மிதிப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்துவிட்ட உணவகங்களின் எண்ணிக்கை அது. அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மொத்தமே பன்னிரண்டுதான் இருக்கின்றன.

இதைக் கேட்டதும் ஆள் முரடு என்று நினைத்துவிடக் கூடாது. எந்த சர்வரிடமும் அவர் குரலை உயர்த்தியதில்லை, எந்த முதலாளியையும் கூப்பிட்டு நியாயம் கேட்டதில்லை. அவரிடம் மூக்குக்கண்ணாடி வாங்கியவர்கள் எல்லோரும் தங்கமான மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். கடைவீதியில் மருந்துக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக இருக்கிறது அவருடைய கடை. மூன்று சுவர்களிலும் வெற்று ஃபிரேம்கள் தொங்குவதால், உள்ளே நுழைகிறவருக்கு ஒரு கூட்டமே தன்னை முறைப்பதுபோல் இருக்கும். பின்னால் திரை போட்ட சின்ன அறை. நாற்காலி ஒன்று, எதிரே எழுத்துப் பலகை. வந்தவர் மூக்கின்மேல் கனமான சோதனை ஃபிரேமை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிக் கேட்பார்: "முன்ன போட்டது தெளிவா, இது தெளிவா?" பதில் சொல்லத் தடுமாறினால் அவசரப்படுத்த மாட்டார். மறுபடியும் முதலிலிருந்து மாற்றுவார். அவ்வளவு பொறுமை.

சிக்கல் என்னவென்றால், கடையைப் பூட்டும்போது இந்தக் கேள்வியையும் உள்ளே வைத்துப் பூட்ட அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியோடு சாப்பிடப் போவார். சூப் வரும். ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். பிறகு இன்னொரு கரண்டி.

"போன வாரம் குடிச்சது நல்லா இருந்துதா, இதுவா?"

"இதுவும் நல்லாத்தாங்க இருக்கு."

"அப்படிப் பொதுவா சொல்லாதே. அதுவா, இதுவா?"

மனைவிக்கு இரண்டும் சூப்தான். அதை அவர் வெளியில் சொல்வதில்லை.

வகைவகையாகத் தேடித் தின்று திரிகிறவர் என்றும் கண்ணாடிக்காரரைச் சொல்ல முடியாது. ஒரு கடை பிடித்துப்போனால் அதே மேசை, அதே நாற்காலி, அதே வறுத்த கோழி, அதே ரொட்டி. விசுவாசத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதிலுக்கு அவர் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதுமில்லை. எதுவும் மாறாமல் இருந்தால் போதும். சமையல்காரருக்கு வயதாகக் கூடாது, விளக்கின் நிறம் மாறக் கூடாது, சர்வர் சொந்த ஊருக்கு லீவில் போகக் கூடாது. இந்தச் சின்ன விஷயத்தைக்கூட எந்தக் கடையாலும் காப்பாற்ற முடியவில்லை என்பது அவருடைய தீராத வருத்தம்.

முதலில் போனது முக்குக்கடை. வெள்ளைக் கிண்ணத்தில் கொடுத்துவந்த சூப்பை ஒருநாள் நீலக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நீலக் கிண்ணத்தில் சூப் சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த கடையில் மூன்று வருடம் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகு, "என்ன சார் கொண்டு வரட்டும்?" என்று சர்வர் கேட்டுவிட்டார். மூன்று வருடம் கழித்தும் கேட்கிறானே என்று மனது புண்பட்டது. அதற்கடுத்த கடையின் சர்வர் கெட்டிக்காரர். கேட்காமலேயே கோழியையும் ரொட்டியையும் கொண்டுவந்து வைத்தார். எனக்கென்று ஒரு விருப்பம் இருக்காதா என்று அங்கேயும் மனது புண்பட்டது. ஒரு முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்து நலம் விசாரித்தார், போயிற்று. இன்னொரு முதலாளி கல்லாவிலிருந்து தலையைக்கூட ஆட்டவில்லை, அதுவும் போயிற்று. கால்வாய்க்கரைக் கடை உணவுப் பட்டியலில் புதிதாகப் படம் போட்டது. படம் பார்த்துச் சாப்பிட நாம் என்ன பாலர் பள்ளிப் பிள்ளைகளா?

ஒரு கடையை நிரந்தரமாகக் கைவிடுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாய்ச்சண்டை கௌரவத்துக்குக் குறைவு. ஆகவே, கை துடைக்கும் துணியை நான்காக மடிப்பார். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி விரலால் நீவிவிடுவார். அதைத் தட்டின் நடுவே வைத்து, அதன்மேல் கரண்டியை நேராகப் படுக்கவைப்பார். எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளுவார். சர்வரைப் பார்த்து ஒரே ஒருமுறை தலையசைப்பார். அதோடு அந்தக் கடையின் கதை முடிந்தது.

"துணியைப் பார்த்ததுமே முதலாளிக்குப் புரிஞ்சிருக்கும்" என்பார், வீட்டுக்கு நடக்கும்போது.

"என்ன புரிஞ்சிருக்கும்?"

"எங்க தப்பு பண்ணினோம்னு."

வேடிக்கை என்னவென்றால், அந்த முதலாளிகளில் பாதிப்பேர் பவர் மாற்ற அவரிடமேதான் வந்தார்கள். "என்ன சார், கடைப்பக்கமே காணோம்?" என்று சிரித்தபடி கேட்பார்கள். "வேலைதான்" என்பார். அவர்கள் போனபின், மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம், "பாத்தியா, முகத்துல குற்ற உணர்ச்சி. கண்ணை எப்படிச் சுருக்கினாரு!" என்பார்.

"பவர் கூடியிருக்கும். அதுக்குத்தானே வந்தாரு" என்பார் மனைவி.

மனைவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. இரண்டு மகன்களும் வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். சமையல் மட்டும் எங்கும் போகவில்லை. அவருடைய சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். அதில் ஒரு குழாய், குழாயில் ஒரு கசிவு. அடுப்பின் இடப்பக்கம் கொஞ்சம் கெஞ்சினால்தான் பற்றும். வாரத்தில் ஆறு நாள், காலை, மதியம், இரவு என்று அந்தச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். ஞாயிறு மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பைத் துடைத்துவிட்டால், திங்கள் காலைவரை அது யாரோ ஒருவருடைய அடுப்பு. மாலையில் வெளியே போகிற செருப்பை மாட்டிக்கொள்வார். எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்வார். தான் பற்றவைக்காத நெருப்பில் வெந்த ஒன்றை யாராவது கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பது.

"ருசியெல்லாம் எனக்கு முக்கியம் இல்லடி. யாராவது கொண்டுவந்து வெச்சா போதும்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். தங்கை அடுத்த தெருவில் குடியிருக்கிறார்.

ஆக, கண்ணாடிக்காரர் துணியை மடிக்க மடிக்க, மனைவியின் ஞாயிற்றுக்கிழமை சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்திலிருந்த கடைகள் போயின. பிறகு நல்ல கடைகள் போயின. கைவிட்ட கடைகளின் வாசல் வழியாக நடப்பதும் கௌரவக் குறைச்சல் என்பதால், சுற்றிப் போகவேண்டியிருந்தது. இப்படிப் பதினொரு நல்ல கடைகளைத் தரம் பார்த்துத் தள்ளிவிட்டு, கடைசியில் அந்தப் பகுதியிலேயே மோசமான கடைக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

அது டயர்க்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ரப்பர் வாசனை கூட வரும். பிளாஸ்டிக் மேசைகள், ஒரு காலுக்கு மட்டும் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தவை. துணி கிடையாது, காகிதம்தான். சூப்பில் சூடு இருந்தால் உப்பு இருக்காது, உப்பு இருந்தால் சூடு இருக்காது. ஆனால் இதைவிட்டால் வேறு கடை இல்லை என்பதால், கண்ணாடிக்காரர் அதிசயமாகப் பெருந்தன்மை காட்டினார். "பரவாயில்ல, முயற்சி பண்றாங்க" என்றார். சாலையோரக் கடைகளே இல்லாத ஒரு நகரத்தில் பசியோடு அலைந்தவரைப்போல் பேசினார்.

மச்சினியின் கிண்டலுக்கு இது பெரிய தீனி.

"அத்தான், இதையும் முடிச்சிட்டீங்கன்னா அடுத்து எங்க? ரயில் ஏறணுமா?"

"எதுக்கு ரயில்? உங்க அக்கா கைப்பக்குவத்துக்கு முன்னால எந்த ஹோட்டல் நிக்கும்? ஞாயித்துக்கிழமையும் வீட்லயே சாப்பிட்டுக்க வேண்டியதுதான்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி பாதியில் நின்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவர் தன்னை இவ்வளவு மனதாரப் பாராட்டியதில்லை. மனைவி இவ்வளவு பயந்ததும் இல்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி அந்தக் கடையை முட்டுக்கொடுத்துத் தாங்கினார். சூப் வந்ததும் முதலில் தான் ருசி பார்த்து, உப்பைப் போட்டுக் கலக்கி, அதன்பிறகே கணவர் பக்கம் நகர்த்தினார். மேசை ஆடினால் முழங்காலால் பிடித்துக்கொண்டார். இப்படிப் பல மாதங்கள் ஓடின.

போன ஞாயிறு அந்தத் தாங்கலும் தளர்ந்தது. மாடிக்குப் போனபோது அவர்களுடைய வழக்கமான மேசையையும் அதன் பக்கத்து மேசைகளையும் சேர்த்துப் போட்டு, ஒரு பெரிய குடும்பம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. கைகழுவும் தொட்டியை ஒட்டி ஒரு மேசை மட்டும் காலி.

"இங்கயும் நல்லாத்தான் இருக்கு. காத்து வருது" என்றார் மனைவி.

"கை கழுவுறவங்க உதறுற காத்து."

புது சர்வர் ஒருவர் வந்தார். நடுவயது, நடையிலேயே பல கடைகளின் அனுபவம். பிறந்தநாள் கூட்டம் ஒரே சமயத்தில் நாலு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், இவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சூப்பை வைத்துவிட்டு ஓடினார். சூப்பின்மேல் பச்சையாக ஏதோ தழை தூவியிருந்தது.

"இதை யாரு கேட்டா?"

மனைவி அந்தத் தழையைக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். "இந்தாங்க. இப்ப பழைய சூப்புதான்."

கண்ணாடிக்காரர் குடித்தார். ஆபத்து தாண்டிவிட்டது என்று மனைவி நினைத்த நேரத்தில் கோழி வந்தது. எப்போதும் முழுத் துண்டாக வருவது. அன்று சின்னச் சின்னதாக வெட்டி, தட்டைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருந்தார்கள்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நமக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார். கை காகிதத்தை நோக்கிப் போனது.

"மடிக்காதீங்க" என்றார் மனைவி.

பதினொரு கடைகளிலும் ஒருமுறைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், ஓரத்தை நீவினார், தட்டின் நடுவே வைத்தார். துணியின் நாகரிகம் காகிதத்துக்கு ஏது? அது மெதுவாகத் தானே விரிந்துகொண்டது. மறுபடி மடித்து, உப்புக் குப்பியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கரண்டியையும் நேராகப் படுக்கவைத்தார்.

தண்ணீர்க் குடுவையோடு வந்த சர்வர் அந்தத் தட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நீங்கதானா?"

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார்.

"முகத்தை வெச்சுத் தெரியல சார். இந்த மடிப்பைப் பாத்ததும்தான் தெரிஞ்சுது. முன்ன கால்வாய்க்கரைக் கடையில இருந்தேன். நீங்க கடைசியா வந்த அன்னைக்கு உங்க மேசை என்னோடதுதான்."

"அப்ப அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர். இத்தனை வருடப் போராட்டத்துக்கு முதல் சாட்சி கிடைத்த கம்பீரம் அந்தக் குரலில் இருந்தது.

"மறக்குமா? முதலாளி அந்தத் துணியைத் தட்டோட தூக்கிட்டுப் போய் எல்லாருக்கும் காட்டினாரு."

"காட்டினாரா. என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டா இப்படிச் சாப்பிடணும்டா, மனுஷன் எவ்வளவு திருப்தியா எழுந்து போயிருக்காரு பாருங்கடான்னு சொன்னாரு. துணியைக்கூட மடிச்சு வெச்சிட்டு, நாற்காலியை உள்ள தள்ளிட்டு, நமக்குத் தலையசைச்சிட்டுப் போறாரே, யாரு செய்வாங்கன்னு. அப்புறம் அங்க எல்லா மேசையிலயும் துணியை உங்க மடிப்புலதான் வைக்கணும்னு ஆயிடுச்சு. இன்னைக்கும் அப்படித்தான். அடுத்து முக்குக்கடைக்குப் போனேன், அங்கயும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

பதினொரு கடைகளுக்கும் மௌனமாகத் தண்டனை கொடுத்துவிட்டதாக நம்பியிருந்தவர், உண்மையில் பதினொரு கடைகளுக்கும் நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைச் சில கடைகள் மேசைக்கு மேசை காட்சிக்கும் வைத்திருக்கின்றன. கண்ணாடிக்காரர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியானபிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

சர்வர் இப்போதுதான் மனைவி பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்தது. "அட, அக்கா! இவர்தான் உங்க வீட்டுக்காரரா, சொல்லவே இல்லையே? இந்தப் புதன்கிழமையும் வந்தீங்களாமே. நான் வேலை மாறிட்டதால உங்களையும் தங்கச்சியையும் பாக்க முடியாமப் போச்சு."

அதைச் சொன்னபிறகுதான் இருவர் முகத்தையும் பார்த்தார். "தண்ணி கொண்டுவரேன்" என்று, கையில் நிறைந்திருந்த குடுவையோடு போய்விட்டார்.

பிறந்தநாள் மேசையில் கைதட்டினார்கள். மனைவி ஒரு துண்டுக் கோழியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"புதன்கிழமையா?"

"நீங்க லென்ஸ் வாங்கப் போற நாளு."

"எந்தக் கடைக்கு?"

"எந்தக் கடைன்னா? எல்லாத்துக்கும்தான். வாரத்துக்கு ஒண்ணு."

"முக்குக்கடைக்குமா? அந்த நீலக் கிண்ணத்துலயா?"

"நீலம் போய் இப்ப பச்சை வந்திருக்கு. சூப்பு ஆறலை."

"எத்தனை நாளா இது?"

"நீங்க முதல் துணியை மடிச்சதுல இருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா என்னையும் மடிச்சு வெச்சிருப்பீங்க."

கண்ணாடிக்காரர் காலி டம்ளரைத் தள்ளிவைத்தார். வேறு திசையில் முயன்றார். "அப்ப அதான் புதன்கிழமை போறியே. ஞாயித்துக்கிழமை வீட்ல சாப்பிட்டா உனக்கு என்ன நஷ்டம்?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

"புதன்கிழமை மத்தியானம் சாப்பிடும்போதே, ராத்திரிக்கு வெங்காயம் இருக்கான்னு மண்டைக்குள்ள ஓடும். திரும்பி வந்ததும் நேரா அடுப்புகிட்டத்தான் போகணும். வயிறுதான் வெளியில சாப்பிடும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான், சாப்பிட்டு வீட்டுக்குப் போனா எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அதைத்தான் இப்ப உப்புக் குப்பியை வெச்சு அழுத்தியிருக்கீங்க."

கண்ணாடிக்காரர் உப்புக் குப்பியைப் பார்த்தார். பிறகு கௌரவம் ஞாபகம் வந்து எழுந்தார்.

"நான் கிளம்புறேன். நீ வர்றியா?"

"கோழியை முடிச்சிட்டு வரேன். உங்க தட்டையும் இப்படித் தள்ளுங்க. ரெண்டு பேரு சாப்பாட்டையும் வீணாக்குவானேன்?"

அவர் நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். பழக்கதோஷம். தள்ளிவிட்டு நிமிர்ந்தால், சமையலறை வாசலில் அந்த சர்வர், இரண்டு சக ஊழியர்களை அழைத்துவந்து நிறுத்தி, அவரைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். மடித்த காகிதத்தையும், படுக்கவைத்த கரண்டியையும், உள்ளே தள்ளிய நாற்காலியையும் வரிசையாகச் சுட்டிக்காட்டி விளக்குவது தெரிந்தது. அவர்களில் ஒருவர் மரியாதையாகத் தலையை வேறு ஆட்டினார்.

கண்ணாடிக்காரருக்கு நிலைமை முழுதாக விளங்கியது. இப்போது படியிறங்கிப் போனால், இந்த ரப்பர் வாசனைக்கும் சேர்த்துப் பன்னிரண்டாவது நற்சான்று. கோபத்தைக் காட்டவேண்டுமானால் உட்கார்ந்தே ஆகவேண்டும். நாற்காலியை வெளியே இழுத்தார். உட்கார்ந்தார். காகிதத்தை விரித்துக் கசக்கி வைத்தார். வாசலில் நின்ற மூவரும் கலைந்து போனார்கள். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

சர்வர் தயங்கித் தயங்கி வந்தார். "ஏதாவது வேணுமா சார்?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். ஓர் உணவகத்தில் தன் மனக்குறையை வாய் திறந்து அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "கோழியை வெட்டாம முழுசா கொடுத்தா நல்லா இருக்கும். சூப்புல அந்தத் தழை வேண்டாம்."

"அவ்வளவுதானா சார்? சொன்னா போதுமே" என்று சர்வர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் முழுத் துண்டுக் கோழி வந்தது. வருடக்கணக்கில் பதினொரு கடைகளில் நடக்காமல் போன காரியம் அது. ஒரே ஒரு வாக்கியம் செலவானது.

அதை அவர் முழுவதும் சாப்பிட்டு முடித்தார். கடைசியில் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "இந்தப் பதினொண்ணுல உனக்கு எது பிடிக்கும்?"

மனைவி அவசரப்படாமல் யோசித்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கால்வாய்க்கரைதான். ஆனா இப்ப நான் பகல்லதான் போறேன். ராத்திரியில தண்ணிமேல விளக்கெல்லாம் விழும்னு சொல்றாங்க. நாம போயிட்டிருந்தப்போ நீங்க சுவரைப் பாத்த மேசையைத்தான் பிடிச்சு வெச்சிருந்தீங்க."

"சுவருக்கு என்ன குறைச்சல்?"

"நம்ம வீட்டு ஜன்னல்ல தினமும் பாக்குறேன். குறைச்சலே கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி சமையலறைப் பக்கம் திரும்பாமல், தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். எதிர்முனையில் பேசியவர் எந்த மேசை என்று கேட்டதற்கு, தண்ணீர் தெரிகிற பக்கம் என்றார். யார் பெயரில் என்று கேட்டதற்குத் தன் பெயரைச் சொன்னார். கண்ணாடிக்காரர் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பட்டியல்ல இன்னும் படம் இருக்கான்னு கேளு" என்று மட்டும் சொன்னார்.

"இருக்கு. நான்தான் போன மாசமே பாத்தேனே" என்றார் மனைவி.

வரும் ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கால்வாய்க்கரைக் கடையில் இருவருக்கு மேசை சொல்லியாகிவிட்டது.